நரைக்கு யார் பொறுப்பு?

நெடுநாள் வாழ வேண்டும் என்று விரும்பாதவர் இலர். முதுமையடைய வேண்டும் என்று விரும்புவாரும் இலர். முன்னது வேண்டுமாயின் பின்னதும் வந்தே தீரும் என்பதை அறிந்திருந்தும், மனிதன் இவ்விரண்டையும் பிரித்துவிட முயன்றுகொண்டே இருக்கிறான். சித்தர்கள் காயகற்பம் தேடினர். சீனப் பேரரசன் ஒருவன் சாவா மருந்து தேடிக் கடல் கடந்து ஆள் அனுப்பினான். அதியமான் அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்ததை நம் மாணவர் அனைவரும் படித்திருக்கின்றனர். இன்று அதே தேட்டம் மருந்துக்கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் மாத்திரைகளாக அடுக்கப்பட்டிருக்கிறது.

இத்தேட்டத்திற்குச் சங்க காலத்துப் புலவர் ஒருவர் முற்றிலும் வேறான விடை ஒன்றைத் தந்து சென்றுள்ளார். அவர் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினராகிய ஆந்தையார். ஆண்டு பல கழிந்தும் அவர் தலை நரைக்காதிருந்ததைக் கண்டு வியந்த சான்றோர், அதன் காரணத்தை வினவினர். அவர் கூறிய விடையே புறநானூற்றின் 191ஆம் பாட்டு. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து ஒழுகும் ஏவலர், முறை தவறாது காக்கும் வேந்தன், அடக்கமும் கொள்கையும் உடைய சான்றோர் பலர் வாழும் ஊர் ஆகிய ஐந்தையும் அவர் காரணமாக எண்ணிக் காட்டினார்.

இவ்விடையில் உணவைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூலிகை இல்லை, மூச்சுப் பயிற்சி இல்லை, தம் ஒழுக்கத்தைப் பற்றிய பெருமிதமும் இல்லை. தம் தலை கறுத்திருப்பதற்குப் பிறரே காரணம் என்கிறார் அவர். அவ்வாறாயின், ஒருவன் தலை நரைப்பதற்கும் பிறர் காரணமாவரோ? முதுமையை நலத்தோடு எய்துவது தனி மனிதனின் கடமையா, அவனைச் சூழ்ந்தோரின் கடமையா? இவ்வினாவே இக்கட்டுரைக்குப் பொருள்.

கவலை உடலில் செய்யும் வேலை

கவலை நரையைத் தரும் என்பது நம் மூத்தோர் வாய்மொழி. அதனை வெறும் நம்பிக்கை என்று இன்று ஒதுக்கிவிட இயலாது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் 2020ஆம் ஆண்டில் எலிகளை வைத்து நடத்திய ஆய்வில், கடும் அச்சமும் துன்பமும் உற்ற காலத்தில் நரம்பு முனைகளிலிருந்து சுரக்கும் ஒரு வேதிப்பொருள், மயிருக்கு நிறந்தரும் மூல உயிரணுக்களை விரைவில் தீர்த்துவிடுவதைக் கண்டனர். அவை தீர்ந்தபின் முளைக்கும் மயிர் வெண்மையாகவே முளைத்தது.

இதற்கு நெடுநாள் முன்பே, 1936இல், கனடாவின் மொன்றியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர் இத்துறைக்கு வித்திட்டார். எலிகளுக்கு ஊறு செய்யும் பொருள் எதுவாயினும் அவற்றின் உடல் ஒரே வகையில் மாறுவதை அவர் கண்டார். சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பி வீங்கியது. நோயெதிர்ப்புக்கு உதவும் உறுப்புகள் சுருங்கின. இரைப்பையில் புண் தோன்றியது. உடலுக்குத் துன்பம் பலவாயினும் அது காட்டும் மறுவினை ஒன்றே என்பது அவர் முடிபு.

அம்மறுவினை இயற்கை நமக்களித்த காவலே ஆகும். காட்டில் புலியைக் கண்டவனுக்கு நெஞ்சு விரைந்து துடிக்கிறது, குருதியில் சர்க்கரை ஏறுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஓடிப் பிழைப்பதற்கு இவையெல்லாம் தேவை. புலி தன் வழியே போய்விட்டால் உடலும் தன் நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் வீட்டு வாடகையும் வட்டிக்கடனும் மாதத் தவணையும் புலியைப் போல் காட்டிற்குத் திரும்பிச் செல்வதில்லை. அவை திங்கள்தோறும் வாயிலில் வந்து நிற்கின்றன. அப்போது கார்ட்டிசோல் முதலிய சுரப்புகள் அடங்க வழியில்லை. குருதி அழுத்தம் உயர்கிறது, உறக்கம் குலைகிறது, வயிற்றில் கொழுப்புச் சேர்கிறது, நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றுகிறது. சிறிது நேரம் காக்க வந்த காவலன் வீட்டிலேயே தங்கி உண்டு அழிப்பவனாகிவிடுகிறான்.

தன் கடமை

இவ்வளவும் உண்மையாயினும், தன் உடலைப் பேணும் பொறுப்பிலிருந்து எவரும் விலக்குப் பெற்றுவிட்டதாகக் கொள்ளலாகாது. வள்ளுவர் பொருட்பாலில் 'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் அது. அதன் பத்துப் பாக்களுள் ஆறு, மருந்தைப் பற்றிப் பேசாமல் உண்ணும் முறையையே பேசுகின்றன. முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவோடு உண்பவனுக்கு மருந்து வேண்டுவதில்லை என்பது அவற்றின் சாரம்.

இவ்வறிவுரையை நம் மக்கள் மேடையில் போற்றுகின்றனர், உணவுக்கடையில் மறக்கின்றனர். மலேசியச் சுகாதார அமைச்சு 2023இல் நடத்திய நாடளாவிய ஆய்வின்படி, பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர். இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அவ்விழுக்காடு மிக உயர்ந்து நிற்கிறது. கட்டிப்பால் கலந்த தேநீர் நாளொன்றுக்கு மூன்று குவளை, நள்ளிரவு வரை திறந்திருக்கும் கடைகளில் ரொட்டி சானாய், கூப்பிடு தூரத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிள் என்னும் வாழ்வு முறையில் இவ்வெண்ணிக்கை வியப்பிற்குரியதன்று.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அஃது 65 வயது கடந்தோருக்கு மேலும் ஒன்றைச் சேர்த்துரைக்கிறது. விழாமல் நிற்கவும் நடக்கவும் உதவும் சமநிலைப் பயிற்சிகளை அவர்கள் வாரத்தில் மூன்று நாளேனும் செய்தல் நலம். முதுமையில் ஒரு முறை வழுக்கி விழுதல், அதன்பின் வரும் ஆண்டுகளையெல்லாம் படுக்கையோடு கட்டிவிடக்கூடும். நடையும் உறக்கமும் அளவான உணவும் புகையும் மதுவும் நீங்கிய வாழ்வும் காசு கொடுத்து வாங்க வேண்டியவையல்ல. அவற்றைப் புறக்கணிப்பவன் தனக்கு மட்டும் தீங்கு செய்துகொள்வதில்லை. அவனைத் தூக்கி அமர்த்தி உணவூட்டப் போகும் கைகளுக்கும் சுமையைச் சேர்த்து வைக்கிறான். ஆதலின், உடலைப் பேணுதல் தன்னலம் போலத் தோன்றினும் பிறர்க்குச் செய்யும் அறமுமாகும்.

அறிவுரை எட்டாத இடம்

ஆயினும் இக்கடமையைச் சொல்லும்போது ஒரு தவறு எளிதில் நேர்கிறது. நோயுற்றவனைப் பார்த்து, நீ ஏன் நடக்கவில்லை, நீ ஏன் கவலையை விடவில்லை என்று கேட்டுவிடுகிறோம். நலம் ஒருவனது திறமையாகவும், நோய் ஒருவனது குற்றமாகவும் ஆகிவிடுகின்றன. இக்கருத்தை அசைத்த ஆய்வு ஒன்று உண்டு.

இலண்டனில் 1967இல் தொடங்கிய அவ்வாய்வு, ஏறத்தாழ 18,000 அரசு ஊழியராகிய ஆடவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அவர்கள் அனைவரும் நிலையான வேலையில் இருந்தவர்கள். அவர்களுள் பட்டினி கிடந்தவர் எவருமில்லை. எனினும் மைக்கேல் மார்மட்டும் உடன் ஆய்ந்தோரும் 1978இல் வெளியிட்ட முடிவின்படி, வாயிற்காவலர் முதலிய கடைநிலை ஊழியர் இதய நோயால் இறப்பது, உயர்பதவியினரை நோக்க மூன்று மடங்கினும் மிகுதியாக இருந்தது. புகைபிடித்தல், குருதி அழுத்தம் முதலியவற்றைக் கணக்கிற்கொண்ட பின்னும் அவ்வேறுபாட்டில் பெரும்பகுதி விளங்காமலே நின்றது. பின்னர் 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆய்வு ஒரு காரணத்தைச் சுட்டிற்று. தம் வேலையைத் தாமே ஒழுங்குசெய்துகொள்ளும் உரிமை குறைந்தவர்களை இதய நோய் மிகுதியாகப் பற்றியது. ஏவுவோனுக்கும் வேலை மிகுதிதான். ஆனால் ஏவப்படுவோனுக்கு அதனை மாற்றும் ஆற்றல் இல்லை. நெஞ்சை அரிப்பது அவ்வியலாமையே.

இவ்வியலாமையை விளங்கிக்கொள்ள நாம் இலண்டனுக்குச் செல்ல வேண்டுவதில்லை. இந்நாட்டுத் தமிழரின் தோட்ட வாழ்வே போதும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருள் பிரியும் வேளையில் பால்மரம் சீவி, நண்பகலில் பாலை நிறுத்துக் கொட்டிவிட்டு வந்த மக்களுக்கு உடலுழைப்பில் குறைவில்லை. அவர்களுக்கு நடைப்பயிற்சியை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர்கள் குடியிருந்த லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மகனோ மகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தாலன்றி, முதியவர் தம் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வாழ்நாளெல்லாம் உழைத்தவன் முதுமையை எண்ணும்போதெல்லாம் தலைக்கு மேல் கூரை இருக்குமா என்று எண்ணினான். கள்ளுக்கடை நிரம்பியதற்கு அவ்வெண்ணமும் ஒரு காரணம். கள் கவலையைத் தீர்க்கவில்லை, குடலைத் தீர்த்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் இவ்வச்சம் பன்மடங்காயிற்று. அதற்கு மாற்றாக, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமே தோட்டங்களை வாங்கியது. பொருளாதார வரலாற்றில் இதற்கு இடமுண்டு. ஆனால் இதனை மக்கள் நலத்தின் வரலாற்றிலும் சேர்த்தல் வேண்டும் என்பது என் துணிபு. நாளை நம்மை வெளியேற்றுவரோ என்னும் அச்சத்தை ஒரு குடும்பத்தினின்று நீக்குவது, அக்குடும்பத்தின் நெஞ்சுக்கும் குருதிக்கும் செய்யும் மருத்துவம் அன்றோ?

பின்னர் 1980கள் தொட்டுத் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாக மாறின. மக்கள் புறம்போக்கு நிலங்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் மூட்டுவலியோடு வாழும் மூதாட்டியிடம் நாள்தோறும் நடக்கச் சொல்வது எளிது. அவர் இறங்கி ஏற எவர் கைகொடுப்பர் என்பதையும் சொல்லாத அறிவுரை பாதி அறிவுரையே.

சான்றோர் வாழும் ஊர்

பிசிராந்தையார் தம் ஊரில் சான்றோர் பலர் உளர் என்பதை இறுதியிலும் சிறப்பாகவும் கூறினார். இதன் பொருளை ஹார்வர்டில் 1938இல் தொடங்கி இன்றும் நடைபெறும் ஆய்வு விளக்குகிறது. கல்லூரி மாணவர் 268 பேரும், பாஸ்டன் நகரின் எளிய குடும்பத்துச் சிறுவர் 456 பேரும் முதுமைவரை அவ்வாய்வில் கவனிக்கப்பட்டனர். ஐம்பதாம் வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பதாம் வயதில் நலத்தோடு இருந்தனர். அவ்வயதில் அளந்த கொழுப்பின் அளவைக் காட்டிலும் உறவின் நிறைவே பிற்கால நலத்தைச் சரியாக முன்னறிவித்தது. 148 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2010இல் வெளிவந்த கட்டுரையும், உறவும் நட்பும் வலுவாக உள்ளோர் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றோரினும் 50 விழுக்காடு மிகுதி எனக் கண்டது.

தோட்ட வாழ்வில் துன்பம் பல இருந்தன, தனிமை இருக்கவில்லை. ஒரு வீட்டில் இருமல் கேட்டால் அடுத்த வீட்டில் சுக்குக் கொதிக்கும். கோயில் திருவிழாவும் இழவும் எல்லார்க்கும் பொதுவாக இருந்தன. அடுக்குமாடியில் இரும்புக் கதவுகள் பூட்டியிருக்கின்றன. பழைய வறுமையை நாம் மீண்டும் விரும்ப வேண்டுவதில்லை. அதனோடு கைவிட்டு வந்த அண்டை அயலை மட்டும் மீட்டுக்கொள்ள வேண்டும்.

ஏவலர் தலை நரைத்ததா?

இதுவரை புலவர் கூற்றை ஏற்று வந்தோம். இங்கு ஒரு வினாவை எழுப்பாமல் இருத்தல் இயலாது. அவர் தலை கறுத்திருந்தது; அவருடைய ஏவலர் தலை எவ்வாறு இருந்தது? அவர் மனைவிக்கு நரை இருந்ததா? பாட்டு அதனைக் கூறவில்லை. ஒருவர் கவலையின்றி இருப்பதற்காக அவருடைய கவலையை மற்றொருவர் சுமந்திருக்கலாம். இலண்டன் ஆய்வில் முன்னதாக இறந்தவர் வாயிற்காவலர் என்பதை மறத்தலாகாது.

கலிபோர்னியாவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வு, நெடுநாள் நோயுற்ற குழந்தைகளைப் பேணிய தாய்மாரை ஆராய்ந்தது. உயிரணுவின் நிறப்புரிகளுடைய முனைகளில் டெலோமியர் என்னும் காப்புறை உண்டு. வயது ஏற ஏற அது குறுகும். பேணிய ஆண்டுகள் மிகுந்த தாய்மாரிடம் அது மிகுதியாகக் குறுகியிருந்தது. அவ்வாய்வில் பங்கேற்ற எலிசபெத் பிளாக்பர்ன், டெலோமியர் பற்றிய தம் கண்டுபிடிப்புக்காக 2009இல் நோபல் பரிசை மற்றிருவரோடு பகிர்ந்துகொண்டவர். பிறரைப் பேணுவோர் தாம் விரைந்து மூப்படையக்கூடும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

நம் வீடுகளில் முதியோரைப் பேணுவோர் யாவர்? பெரும்பாலும் மகள், மருமகள், அல்லது அயல்நாட்டிலிருந்து வந்த பணிப்பெண். மகன் தன் பெற்றோரைக் கைவிடவில்லை என்று ஊர் பாராட்டும். இரவில் மூன்று முறை எழுந்தவள் வேறொருத்தி. தன் தாயை ஊரில் விட்டுவிட்டு இங்கு மற்றொருவர் தாயைக் குளிப்பாட்டுகின்றவளின் மூப்பை எவரும் எண்ணுவதில்லை. சிங்கப்பூர் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இயற்றியது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத 60 வயது கடந்த பெற்றோர், பிள்ளைகளிடம் பொருளுதவி கோர அச்சட்டம் வழி செய்தது. பொருளைச் சட்டம் பெற்றுத் தரலாம். பேணுவோரின் களைப்பைப் பகிர்ந்துகொள்ளச் சட்டத்தால் இயலாது. அதனை உடன்பிறந்தாரும் கணவன்மாரும் அண்டை வீட்டாரும்தாம் செய்ய இயலும்.

வள்ளுவர் இதனை அறிந்திருந்தார். மருத்துவத்திற்கு உறுப்பு நான்கு என வகுக்கும்போது, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் சேர்த்தே எண்ணினார். உணவின் அளவை நோயாளியின் பொறுப்பாக்கிய அதே அதிகாரம், பேணுபவனைச் சொல்லி முடிகிறது. ஆகவே தனி மனிதன் கடமையா, சூழ்ந்தோர் கடமையா என்னும் நம் வினாவிற்கு ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ளும் விடை பொருந்தாது. அளவோடு வாழ்வது அவரவர் கடமை. கவலையின்றி வாழ்வது எவர்க்கும் தனியே இயல்வதன்று. அதனை நாம் ஒருவர்க்கொருவர் அளிக்கிறோம், அல்லது மறுக்கிறோம். தன் கவலையைப் பிறர் தோளுக்கு மாற்றிவிட்டுப் பெறும் அமைதி நல்வாழ்வு ஆகாது.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது

பிசிராந்தையாரின் நற்பேறு தானாக அவர்க்கு வந்து வாய்த்ததன்று. தம் வேந்தன் முறை தவறாதவன் என்று சொன்ன அவரே, பாண்டியன் அறிவுடைநம்பியிடம் சென்று வரி கொள்ளும் முறையை இடித்துரைத்தார் என்பதைப் புறநானூற்றின் 184ஆம் பாட்டு காட்டும். அறுத்த நெல்லைக் கவளமாக்கி யானைக்கு ஊட்டினால் சிறு நிலமும் பல நாளுக்குப் போதும். யானையே வயலில் புகுந்தால் உண்பதைக் காட்டிலும் மிதித்து அழிப்பதே மிகுதி என்றார். நல்ல ஆட்சியின் நிழலில் அமைதியாக வாழ்ந்தவர், அவ்வாட்சி நல்லதாக இருப்பதற்குத் தாமும் உழைத்தார்.

இவ்விரு பாட்டுகளையும் வகுப்பில் சேர்த்து நடத்தினால் மாணவர் ஒன்றை உணர்வர்: நரையற்ற தலைக்குப் பின்னால் பொதுப்பணி ஒன்று இருந்தது. மலாயா 1957இல் விடுதலை பெற்றபோது பிறந்த குழந்தையின் சராசரி வாழ்நாள் அறுபதைத் தொடவில்லை. இன்று அஃது ஏறத்தாழ 75. 2013 சூலை முதல் தனியார் துறையிலும் ஓய்வு பெறும் வயது குறைந்தது 60. ஓய்வுக்குப் பின் பதினைந்து, இருபது ஆண்டுகள் காத்திருக்கின்றன. அவ்வாண்டுகளை எவ்வாறு கழிப்பது என்பதை அறுபதாம் வயதில் கற்கத் தொடங்குவது காலங்கடந்த முயற்சி. பள்ளியில் விளையாடிய கால் பின்னும் நடக்கும். பள்ளியில் நட்புப் பேணக் கற்ற நெஞ்சு பின்னும் தனித்திராது. தேர்வுக்காக உறக்கத்தைத் துறப்பதைப் பெருமையாகக் கருதும் மாணவர் பிற்காலத்தில் உறக்கமின்மையைப் பழகிக்கொள்கின்றனர் என்பதையும் ஆசிரியர் எண்ணிப் பார்த்தல் நலம்.

இன்னும் ஒன்று எஞ்சி நிற்கிறது. அச்சான்றோர் நரையைப் பற்றி வினவியது எப்போது? கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த செய்தி கேட்டு, அதுவரை நேரிற் காணாத நண்பனைத் தேடி ஆந்தையார் சென்ற காலத்தில் என்று பழங்குறிப்பு கூறும். அவ்வாறு சென்றவர் அந்நட்பின் பொருட்டுத் தாமும் வடக்கிருந்து உயிர் துறந்தார். அவர் செய்ததை நாம் செய்ய வேண்டுவதில்லை. அக்காலத்து வழக்கு இக்காலத்திற்குப் பொருந்தாது. ஆயினும் நீண்ட வாழ்நாளை அவர் பூட்டி வைக்கும் பொருளாகக் கருதவில்லை என்பது தெளிவு. நெல்லிக்கனியை ஈந்த அதியமானும் அவ்வாறே கருதினான்.

நலத்தோடு முதுமை எய்துவோர்க்கு அந்நலம் எதற்கு என்னும் வினா எஞ்சியிருக்கிறது. ஐந்தாம் மாடியில் இருக்கும் மூதாட்டிக்குக் கைகொடுத்து இறக்குவதற்கு ஒருவர்க்கு வலிய கால்கள் வேண்டும். அக்கால்களைப் பேணிக்கொள்ளுங்கள், பின் அப்படிகளில் ஏறுங்கள்.